குருசாமியின் இடது நுரையீரல்

ஓய்வுபெற்ற டாக்டர்களைப் பேச அழைத்தால், மற்றவர்கள் கோட்டைவிட்ட நோயைத் தான் எப்படிப் பிடித்தேன் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நானும் அப்படி ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். ராஜபாளையத்தில் முப்பது வருடம் நெஞ்சக மருத்துவனாக இருந்ததில், நான் ஆகச் சரியாகக் கண்டுபிடித்த நோய் அது. இன்றைக்கு அந்தப் படத்தை உங்கள் முன்னால் வைத்தாலும், நான் சொன்னதைத் தப்பு என்று உங்களால் சொல்ல முடியாது. அந்த மனிதர் செத்துப்போனார்.

டாக்டர்கள் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. நீங்கள் ஆறு பேரும் இந்த நெஞ்சகப் பிரிவில் டாக்டர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். என்மேல் இன்னும் மரியாதை வைக்காதவர்கள். அதனால் உங்களிடம் சொல்வது கொஞ்சம் சுலபம்.

அவரைக் குருசாமி என்று வைத்துக்கொள்வோம். வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். வீடு மகாராஜபுரத்தில். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பத்து வருடத்துக்கு முன்பு காசநோய் வந்து, மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டுக் குணமானவர். அன்றோடு பீடியையும் விட்டவர். நோய் போனாலும் இடது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி மட்டும் மிச்சமாக நின்றுவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாயங்காலம் மட்டும் நான் நடத்திவந்த கிளினிக்குக்குக் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். கைக்குட்டையை விரித்துக் காட்டினார். அதில் ரத்தம்.

"நாலு நாளா இருமுனா இப்படி வருது டாக்டர். பழைய சீக்கு திரும்பிருச்சோன்னு வீட்டுல பயப்படுதாவ. செத்த சீக்கிரம் பாத்து விட்டீங்கன்னா வண்டி எடுத்துருவேன்."

"இவ்வளவு ரத்தம் வருது, வண்டி எடுக்கணுங்கிறீங்க?"

"ஆளுக ஏறி உக்காந்துட்டாவ டாக்டர்."

அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதை அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்தும் மருந்து கொடுத்து, மறுநாள் ராஜபாளையத்துக்கு வரச் சொன்னேன்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை. மூன்று தடவை பார்த்தும் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தோம். அந்தப் பழைய குழிக்குள் உருண்டையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே பிறை போல ஒரு காற்றுக் கீற்று. பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அவரைக் குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். உருண்டை இடம் மாறி எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. பூஞ்சைப் பந்து! புற்றுக்கட்டி அப்படி உருளாது. ரத்தப் பரிசோதனையும் பூஞ்சை என்றே சொன்னது. மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரிலும் பூஞ்சை முளைத்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில். நம் தொழிலில் அப்படி ஒரு சுகம் அடிக்கடி கிடைக்காது.

ஸ்கேன் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. குழியின் உட்பக்கச் சுவர் ஓரிடத்தில் மட்டும் ஒழுங்கில்லாமல் தடித்திருக்கிறது, சதைப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது என்று.

அதை நான் படித்தேன். பூஞ்சை இருக்கும் குழியில் சுவர் தடிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். நினைத்தது மருத்துவப்படி சரிதான். ஆனால் சுற்றிலும் சீராகத் தடிப்பதும், ஒரே இடத்தில் விரல்நகம் அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

அப்போது என்னோடு ஓர் இளம் பெண் டாக்டர் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி நான் எல்லாருக்கும் விளக்கி முடித்தபின் கேட்டார்:

"சார், கடைசி வரியில பயாப்ஸி பண்ணலாம்னு போட்டிருக்காங்களே?"

"பந்து உருண்டதைப் பாத்தீங்கல்ல?"

"பந்து பூஞ்சைதான் சார். நான் சுவரைக் கேக்கிறேன்."

"குழிக்குள்ள ரத்தக்குழாய் எல்லாம் புடைச்சுக் கிடக்கு. ஊசியை விட்டுப் பெருசா ரத்தம் வந்தா யாரு பதில் சொல்றது? ஒரு நோய் கையில கிடைச்சிருக்கு. அதுக்கு வைத்தியம் பாப்போம். எல்லாத்திலயும் புற்றுநோயைத் தேடாதீங்க."

ரத்தம் வரும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு ரத்தத்தைப் பற்றிய கவலை இல்லை. என்னுடைய அழகான கணிப்பில் அவர் கை வைக்கிறாரே என்ற எரிச்சல்தான் இருந்தது. மதுரையில் பயாப்ஸி பத்திரமாகச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

மறுநாள் குருசாமியின் மனைவி பேச்சியம்மாள் நேராகவே கேட்டார். "புத்துநோய் எதுவும் இல்லையே டாக்டர்?"

"இல்லம்மா. பூஞ்சைதான். நிம்மதியாப் போங்க."

அடுத்த மாதம் ராஜபாளையத்தில் டாக்டர்கள் கூட்டம் நடந்தது. அந்த இரண்டு படங்களையும் திரையில் போட்டுக் காட்டினேன். மல்லாந்து படுத்தபோது பந்து இங்கே, குப்புறப் படுத்தபோது இங்கே. கை தட்டினார்கள். ஸ்கேன் அறிக்கையையும் காட்டினேன், கடைசி வரி தெரியாதபடி வெட்டிவிட்டு. யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூஞ்சைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் மாதத்தில் ரத்தம் நின்றது. இரண்டாவது மாதம் வந்தபோது ஐந்து கிலோ குறைந்திருந்தார். மகன் கார்த்தியும் கூட வந்திருந்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை, லீவில் வந்தவன். அவன்தான் போட்டுக் கொடுத்தான்.

"சார், அப்பா மூணு வாரமா மாத்திரையே போடல. நான் வந்து அட்டையைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்."

குருசாமி தலையைக் குனிந்துகொண்டார். "மாத்திரை போட்டு அரை மணி நேரத்துல கண்ணு ஒரு மாதிரி ஆயிருது டாக்டர். எதுத்தாப்புல வார வண்டி வெளிச்சம் எல்லாம் பூவாப் பூக்குது. கான்சாபுரத்துப் பக்கம் ஒரு நா சைக்கிள்ல வந்த ஆளு கிட்டத்துல வார வரைக்கும் தெரியல. வண்டி நெறைய சனம். அதான் நிறுத்திட்டேன்."

அந்த மருந்து பார்வையைக் கொஞ்ச நேரத்துக்குக் கலைக்கும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் டிரைவருக்கு அதை எழுதும்போது நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், வேறு மருந்து யோசித்திருக்க வேண்டும். நான் செய்யாததை அவர் செய்திருந்தார். ஐம்பது பேர் உயிரை நினைத்துத் தன் மருந்தை நிறுத்தியிருந்தார்.

நான் அவரைத் திட்டினேன். மகன் முன்னால், வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "உங்க இஷ்டத்துக்கு நிறுத்துறதுக்கு நான் எதுக்கு டாக்டர்னு உக்காந்திருக்கேன்? எடை எப்படி ஏறும்?"

திட்டியதை விடுங்கள். அதைவிடப் பெரிய கெடுதல் வேறொன்று நடந்தது. எடை ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நோயாளி மருந்து சாப்பிடவில்லை, அதனால் பூஞ்சை அடங்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னேன். மறுபடி ஸ்கேன் எடுக்கத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது குரல் போயிருந்தது.

பஸ் டிரைவர் குரல் எப்படி இருக்கும்? இன்ஜின் சத்தத்தையும் பாட்டையும் மீறிப் பேசிப் பழகிய குரல். அது காற்றாக வந்தது. "தொண்ட கட்டிக்கிச்சு டாக்டர்," என்றார். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அந்த இளம் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கக் குரல் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இடது நுரையீரலை ஒட்டித்தான் திரும்புகிறது; அங்கே கட்டி அழுத்தினால் குரல் போகும்.  

அன்றே ஸ்கேன் எடுத்தோம். பூஞ்சைப் பந்து அதே இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு கட்டி வளர்ந்து, நெஞ்சின் நடுவில் இருக்கும் நிணநீர்க் கணுக்களைப் பிடித்து, கல்லீரலுக்கும் போயிருந்தது. பழைய படத்தை எடுத்து அருகில் மாட்டினேன். அதே இடம். விரல்நகம் அளவு இருந்தது. அப்போது கணுக்கள் சுத்தமாக இருந்தன, கல்லீரல் சுத்தமாக இருந்தது. வெட்டி எடுத்திருந்தால் பூஞ்சையும் புற்றும் ஒன்றாகவே போயிருக்கும். பிழைத்திருப்பாரா என்று கேட்டால் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாய்ப்பு அவருக்கு இருந்தது. நாலு மாதம் அது என் மேசையில் கிடந்தது.

குருசாமி, பேச்சியம்மாள், கூட வந்திருந்த கார்த்தி, மூன்று பேரையும் உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். பழைய படத்தைக் கழற்றி உறையில் போட்டு மூடினேன்.

"புதுசா ஒரு கட்டி வந்திருக்கு," என்று ஆரம்பித்தேன். புதிதாக. அந்தச் சொல்லை யோசித்துத்தான் சொன்னேன். புற்றுநோய் என்பதையும் சொன்னேன். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

குருசாமி முன்னால் குனிந்து, வராத குரலில் கேட்டார். "நான் அந்த மூணு வாரம் மாத்திரய நிறுத்துனேனே டாக்டர், அதனாலயா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் சொன்னது இது:

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா, மருந்தை ஒழுங்கா எடுத்திருந்தா…"

அதோடு நிறுத்திக்கொண்டேன். முடிக்காமல் விட்டதால் அது பொய்யாகாது என்று அந்த நொடியில் என் மூளை கணக்குப் போட்டது. மகன் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். "சரி, மதுரைக்கு எழுதித் தர்றேன்," என்று பேனாவை எடுத்தேன்.

அவர்கள் போனபின் அந்த இளம் டாக்டர் வராந்தாவில் என் பின்னாலேயே வந்தார்.

"சார், அவர் தன்னாலதான் வந்துச்சுன்னு நினைக்கிறார்."

"நினைச்சா என்ன இப்ப? முதல்ல வைத்தியம் ஆரம்பிக்கட்டும். குழப்ப வேண்டாம்."

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லலாமா சார்?"

"உங்க வேலையைப் பாருங்க," என்றேன்.

இரண்டு மாதத்தில் அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

மதுரையில் என்ன செய்வார்கள்? புற்றுக்கு மருந்து கொடுத்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழும், குழிக்குள் இருந்த பூஞ்சை கிளம்பும். பூஞ்சையை அடக்கக் காத்திருந்தால் புற்று வளரும். ஒன்றை அடித்தால் மற்றது எழுந்தது. ஆறு மாதம் ஓடினார்கள். நான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. வத்திராயிருப்பிலிருந்து வந்த வேறு நோயாளி ஒருவர்தான், "நம்ம டிரைவர் குருசாமி தவறிட்டாரு டாக்டர், தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் நாடியைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வேலை பார்த்தேன். சுவர் தடித்த எந்தக் குழியையும் சதைப் பரிசோதனை இல்லாமல் விட்டதில்லை. குரல் கம்மிய யாரையும் சும்மா அனுப்பியதில்லை. திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்குக் கெடுதல் செய்தேனோ அவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் பிராயச்சித்தம் செய்துகொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற அன்று ஏகப்பட்ட வாழ்த்துகள் போனில் வந்தன. அந்த இளம் டாக்டரிடமிருந்தும் வந்தது. உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன் சார் என்று எழுதி, அதன் கீழே ஒரு வரி: "மகாராஜபுரம் போனீர்களா?"

பத்து நாள் அந்த வரியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு பஸ் ஏறினேன்.

பேச்சியம்மாள் வாசலில் மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த கூலி வேலை. என்னை அடையாளம் கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டாக்டர், வாங்க. இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய. அவிய இருந்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாவ."

நாற்காலி போட்டார். மோர் கொண்டு வந்தார். குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். முதல் படத்திலேயே அது இருந்ததை, அறிக்கையில் எழுதியிருந்ததை, என் உதவி டாக்டர் கேட்டதை, மாத்திரையை நிறுத்தியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை.

அவர் அழவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார்.

"மொதப் படத்துலயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவிய மாத்திர நிறுத்துனதுனால வரல?"

"வரல."

"அன்னைக்கு எங்ககிட்டச் சொல்லையில உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

காலடியில் கிடந்த மாங்காய் ஒன்றை எடுத்துக் குவியலில் போட்டார். "கார்த்தி அவியகூடப் பேசல டாக்டர். 'ஒன் பிடிவாதத்தாலதான் இப்படி ஆச்சு'ன்னு சொல்லிட்டுத் திருப்பூருக்குப் போனான். அடக்கத்துக்குத்தான் வந்தான். அவிய கடைசி வரைக்கும், 'நானே இழுத்து விட்டுக்கிட்டேன், பயல ஏசாத'ன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ."

சொல்லிவிட்டு உள்ளே போய் போனை எடுத்து வந்தார். அழைத்து, "ஏலே, ஒரு நிமிசம் இரி," என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டான். அன்னைக்கு உங்க வாயாலதான் கேட்டான். நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் வெளியே நடந்து வருகிறான் போல, சத்தம் குறைந்துகொண்டே போனது. 

"எங்கப்பா உசுரோட இருக்கையில சொல்லக்கூடாதா சார்?"

"சொல்லியிருக்கணும்," என்றேன்.

"எழுதிக் குடுங்க," என்றான். "எங்கப்பா மேல தப்பில்லன்னு எழுதி அம்மாகிட்டக் குடுங்க." வைத்துவிட்டான்.

பேச்சியம்மாள் ஒரு நோட்டுத் தாளும் பேனாவும் தந்தார். முப்பது வருடம் ஆயிரக்கணக்கான அறிக்கைகளை இங்கிலீஷில் எழுதியவன் நான். தமிழில் அதுதான் முதல் அறிக்கை. எழுதி முடித்ததும், "வாசிங்க, எனக்குப் படிக்கத் தெரியாது," என்றார். வாசித்தேன். 'முதல் ஸ்கேன் படத்தில் இருந்த புற்றுநோய்க்கான அறிகுறியை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்' என்ற இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படின்னா என்ன டாக்டர்? நீங்க அதப் பாக்கலையா, பாத்தும் விட்டியளா?"

நம் அறிக்கைகளில் அந்த வாக்கியத்தை நீங்கள் பலமுறை படிப்பீர்கள். எழுதவும் செய்வீர்கள். அதை அப்படி நிறுத்திக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த வரியை அடித்தேன். அதன் மேலே எழுதினேன்: 'பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன். குருசாமி மாத்திரையை நிறுத்தியது இதற்குக் காரணம் அல்ல என்று தெரிந்தும் அவரிடம் சொல்லவில்லை.' கையெழுத்துப் போட்டேன். மறுபடி முழுதாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாளை வாங்கி, நாலாக மடித்துக்கொண்டார். இதை வைத்து நீங்கள் என்மேல் புகார் கொடுக்கலாம், நான் மறுக்க மாட்டேன் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

எழுந்தேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும், கடன்காரனே வந்தாலும், 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவார்கள். பேச்சியம்மாள் வாசல் வரைக்கும் வந்தார்.

"போங்க டாக்டர்," என்றார்.